மலேரியா: உடம்பு கற்றதும் தடுப்பூசி கற்க வேண்டியதும்



சென்னையின் இந்த மேற்குப் புறநகர்களில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில், நெடுங்காலம் மருத்துவம் பார்த்தவன் நான். மலேரியா என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொன்ன பேச்சு ஒன்று உண்டு. "நாங்க கொசுக்கடியிலேயே பொறந்து வளர்ந்தவங்க சார், இந்த உடம்புக்கு எல்லாம் பழகிப்போச்சு" என்பார்கள். பாடியிலும் கேட்டேன், பட்டாபிராமிலும் கேட்டேன். படித்தவர்களும் சொன்னார்கள், படிக்காதவர்களும் சொன்னார்கள். இந்த நம்பிக்கை முழுப் பொய் அல்ல. உலகின் சில ஊர்களில் மனித உடம்பு மலேரியாவுக்கு உண்மையிலேயே பழகுகிறது. ஆனால் நம் ஊர் அந்த ஊர்களில் ஒன்றல்ல. அங்கே உடம்பு எப்படிப் பழகுகிறது, அதற்கு என்ன விலை கொடுக்கிறது, இங்கே ஏன் பழகுவதில்லை, இதிலிருந்தெல்லாம் தடுப்பூசி செய்பவர்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்பதே இன்று நான் பேச வந்த பொருள்.

1900-ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் நியூ கினித் தீவில் மக்களின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார். சிறு குழந்தைகளின் ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி மலிந்து கிடந்தது. அதே ஊரில், அதே குடிசையில், அதே கொசுக்களிடம் கடிபட்ட பெரியவர்களின் ரத்தத்தில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1924-இல், கிறிஸ்டோபர்ஸ் என்ற மருத்துவர் இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் சிங்பூம் பகுதியில் இதையே இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தார். பிறந்து சில மாதங்களில் தொற்று பிடித்துக்கொள்கிறது. அடுத்த சில ஆண்டுகள் குழந்தைக்கும் ஒட்டுண்ணிக்கும் கடும் போராட்டம். ரத்தம் சோகையாகிறது, மண்ணீரல் வீங்குகிறது, பல பிள்ளைகள் இறந்துபோகிறார்கள். பிழைத்த பிள்ளை வளர வளர ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறைகிறது. வளர்ந்தவரின் உடம்பில் அது சிறு அளவில் தங்கியிருந்தாலும் அவர் வயலுக்குப் போகிறார், விறகு சுமக்கிறார், காய்ச்சல் என்று படுப்பதில்லை. இயற்கை எதிர்ப்பாற்றல் என்று நாம் சொல்வது இந்த நிலையைத்தான். அம்மைக்கு வருவதுபோல ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போதும் என்கிற வகை இதில் இல்லை. நோய் அடங்கும், தொற்று அடங்காது.

இந்த ஆற்றல் ரத்தத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 1961-இல் விடை கிடைத்தது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் இயன் மெக்கிரெகர், சிட்னி கோஹன், காரிங்டன் மூவரும் அவ்வூர்ப் பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புரதங்களை, அதாவது ஆன்டிபாடிகளை, பிரித்தெடுத்தார்கள். மலேரியா முற்றிய குழந்தைகளுக்கு அதை ஊசிவழியாகச் செலுத்தினார்கள். சில நாள்களில் குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி சரிந்து விழுந்தது. மலேரியாவையே அறியாத பிரிட்டனின் பெரியவர்களிடமிருந்து எடுத்த எதிர்ப்புரதம் அந்த வேலையைச் செய்யவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1991-இல், ஐவரி கோஸ்ட் நாட்டுப் பெரியவர்களின் எதிர்ப்புரதம் தாய்லாந்து நோயாளிகளிடமும் பலித்தது. ஒரு கண்டத்தில் உடம்பு கற்றது இன்னொரு கண்டத்து ஒட்டுண்ணிக்கும் செல்லுபடியானது. மலேரியாவுக்குத் தடுப்பூசி முடியும் என்று அறிவியலாளர்கள் விடாமல் நம்பியதற்கு இந்தச் சோதனைகளே பெரிய ஆதாரம். மருத்துவ மாணவர்கள் அந்த 1961 கட்டுரையை ஒருமுறையாவது தேடிப் படிக்க வேண்டும். சில பக்கங்கள்தான்.

இந்தப் பழக்கத்துக்கு உடம்பு கொடுக்கும் விலையை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விடக்கூடாது. உயிரைக் குடிக்கும் கடுமையான வடிவங்கள் சிலவற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஒன்றிரண்டு தொற்றுகளிலேயே வந்துவிடுகிறது என்று கொல்கத்தாவில் பிறந்த சுனேத்ரா குப்தாவும் உடன் ஆய்ந்தவர்களும் 1999-இல் கணித்துக் காட்டினார்கள். அந்த ஒன்றிரண்டைத் தாண்டாத குழந்தைகள்தான் மண்ணுக்குள் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2023-இல் மட்டும் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயது நிரம்பாதவர்கள். ஓர் ஊரின் பெரியவர்கள் காய்ச்சலின்றி நடமாடுகிறார்கள் என்றால் அதற்கு முன்பணம் கட்டியவர்கள் அவ்வூரின் குழந்தைகள்.

அவ்வளவு கொடுத்து வாங்கியதும் நிலைப்பதில்லை. நாள்தோறும் இறைக்காத கிணறு தூர்ந்துபோவதுபோல, கடி நின்றால் ஆற்றலும் தேய்கிறது. படிக்கவும் பிழைக்கவும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கிய ஆப்பிரிக்கர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பி மலேரியாவில் விழுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி.

ஏன் இத்தனை தாமதம், ஏன் இத்தனை மறதி? ஒட்டுண்ணியின் தந்திரம் அப்படி. மலேரியா ஒட்டுண்ணிகளில் ஃபால்சிபாரம் என்ற வகை, தான் குடிபுகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி, ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு அதன் மரபணுத் தொகுதியில் சுமார் 60 மாற்றுருக்கள் இருக்கின்றன. உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு எதிர்ப்புரதம் செய்வதற்குள் ஒட்டுண்ணி அடுத்ததை அணிந்துகொள்கிறது. ஊருக்கு ஊர் அந்த அறுபதும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கண்டு முடிக்க ஒரு குழந்தைப் பருவமே செலவாகிவிடுகிறது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தடுப்பூசி ஆய்வில் இயற்கை நேரடியாக வழிகாட்டிய இடம் என்று நான் மதிப்பது இதைத்தான். சிறுவயது முழுதும் கடிபட்டு, எதிர்ப்பாற்றல் பெற்று வளர்ந்த பெண் முதல்முறை கருவுறும்போது மலேரியா அவளைக் கடுமையாகத் தாக்குகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. இரண்டாம் பிள்ளைப்பேற்றில் தாக்கம் குறைகிறது, மூன்றாவதில் இன்னும் குறைகிறது. பழைய மருத்துவர்கள் இதைக் கர்ப்பகால பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள். 1996-இல் மிஷல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி இருவரும் கென்யாவில் செய்த ஆய்வில் உண்மை வெளிவந்தது. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்ளும் தனி வடிவத்தை ஒட்டுண்ணி அங்கே எடுக்கிறது. முதல் கர்ப்பம்வரை நஞ்சுக்கொடியே இல்லாத உடம்பு அந்த வடிவத்தை எங்கே பார்த்திருக்கும்? முதல் பேற்றில் கண்டு கற்கிறது, அடுத்த பேற்றில் தடுக்கிறது. அந்த ஒரு புரதத்தை மட்டும் முன்கூட்டியே பெண்களின் உடம்புக்குக் காட்டிவிடலாம் என்ற எண்ணத்தில் இரண்டு தடுப்பூசிகள் மனிதச் சோதனைவரை வந்திருக்கின்றன. தாய்மார்கள் பட்ட துன்பத்திலிருந்து அடுத்த தலைமுறைப் பெண்களுக்குப் பாதுகாப்பு தேடும் இந்த முயற்சி வெற்றி பெற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பிறவியிலேயே வரும் பாதுகாப்பு வேறு ரகம். மலேரியா கொல்லும் நாடுகளில் ரத்த நோய்களின் மரபணுக்கள் பரவியிருப்பது தற்செயலல்ல என்று 1949-இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் சொன்னார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே இறந்தவர் அவர். 1954-இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் அரிவாள்செல் மரபணுவுக்கு அதை மெய்ப்பித்தார். அந்த மரபணு தென்னிந்தியாவில் இருப்பதை லேமன், கட்பஷ் இருவரும் 1952-இலேயே நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டிருந்தார்கள். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் கடும் ஃபால்சிபாரத்திலிருந்து பெரும் காப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் வாழ்நாள் முழுதும் வேதனை. நீலகிரியின் குழந்தைகள் இன்றும் அந்தக் கடனைச் செலுத்துகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கரில் மிகப் பலருக்கு சிவப்பணுவின் மேல் டஃபி என்ற புரதம் கிடையாது. மலேரியாவின் இன்னொரு வகையான வைவாக்ஸ் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் கதவு அது. 1970களில் லூயி மில்லர் இதைக் கண்டறிந்தார். நம்மவரிடம் அந்தக் கதவு ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

சென்னையின் மலேரியாவுக்கு ஒரு தனி முகம் உண்டு. காட்டு மலேரியாவும் அல்ல, வயல் மலேரியாவும் அல்ல. தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக இந்த மாநகரத்தில்தான் பதிவாகிவந்தது. பரப்புவது அனாபிலிஸ் ஸ்டெஃபன்சி என்ற கொசு. சாக்கடை அதற்கு வேண்டாம். தெளிந்த, தேங்கிய நன்னீர்தான் வேண்டும். மூடாத கிணறு, மூடி உடைந்த மேல்நிலைத் தொட்டி, கட்டுமானத்துக்குத் தேக்கிய தண்ணீர், சிமென்ட் சம்ப், இவற்றில் முட்டையிடும். தண்ணீர் எப்போது வருமோ என்று அஞ்சிச் சேர்த்துவைக்கிற ஊர் அதற்கு ஏற்ற ஊர். அம்பத்தூர் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது, ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியானது, பூந்தமல்லியைச் சுற்றி அடுக்குமாடிகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. கிணற்றடி வீடுகளும் மாடித் தொட்டிகளும் கட்டுமானக் குழிகளும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருப்பது நம் பகுதியின் தன்மை. ஒட்டுண்ணி பெரும்பாலும் வைவாக்ஸ். கடந்த பத்தாண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கை பெரிதும் இறங்கியிருக்கிறது. அதற்கு உழைத்த மலேரியாப் பணியாளர்களை, தொட்டி தொட்டியாக ஏறி மருந்து ஊற்றிய அந்த மனிதர்களை, இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன்.

ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் ஒருவருக்கு ஆண்டொன்றில் தொற்றுள்ள கடி பத்துக் கணக்கில், சில இடங்களில் நூற்றுக்கணக்கில் விழும். இங்கே ஒருவர் வாழ்நாள் முழுதும் இருந்தாலும் அப்படி ஒரு கடி விழாமலே போகலாம். மாலையில் நம்மைக் கடிக்கும் கொசுக்களில் மிகப் பெரும்பாலானவை கியூலெக்ஸ். அவற்றின் ஆயிரம் கடியும் மலேரியாவைப் பற்றி உடம்புக்கு ஒன்றும் கற்பிக்காது. ஆகவேதான் அம்பத்தூரில் மலேரியா வந்தால் பள்ளிப் பிள்ளையும் நடுங்குகிறது, பாட்டனும் நடுங்குகிறார். வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் காய்ச்சல் என்பதே இங்கு எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லை என்பதற்குச் சாட்சி. "பழகிப்போச்சு" என்ற பேச்சுக்கு இதுதான் என் பதில்.

எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களிடம் இந்நோய் புகுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டையிலேயே சான்று உண்டு. 1934-35-இல் இலங்கையில் மழை பொய்த்து, களனி கங்கை, மகா ஓயா போன்ற ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. ஆறு ஓடிய காலத்தில் மலேரியா குறைவாக இருந்த, அதனால் மக்கள் உடம்பில் பழக்கம் இல்லாத தென்மேற்குப் பகுதிகளில் காய்ச்சல் தீயாய்ப் பரவியது. சுமார் 80,000 பேர் இறந்ததாகக் கணக்கு. காலங்காலமாகக் காய்ச்சலோடு வாழ்ந்த வறண்ட பகுதி மக்கள் அந்த ஆண்டில் அவ்வளவு மடியவில்லை.

நம் பகுதிக்கு இன்னொரு பரிமாணமும் இருக்கிறது. இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். 1960களில் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், இன்று அதைச் சுற்றிப் பரவியிருக்கும் பட்டறைகளிலும் கட்டுமானங்களிலும் உழைப்பவர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலத்தவர் பலர். காட்டு மாவட்டங்களிலிருந்து வரும் சிலர் சிறுவயதிலேயே மலேரியாவில் அடிபட்டு, பாதி எதிர்ப்பாற்றலோடு வருகிறார்கள். உடம்பில் சிறிதளவு ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சல் இருக்காது. ரத்தப் பூச்சிலும் சில நேரம் தப்பிவிடும். அவர் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் மூடாத தொட்டி ஒன்று இருந்தால் கொசு மீதி வேலையைச் செய்துவிடுகிறது. இதற்காக அந்தத் தொழிலாளியைக் குற்றம் சொல்பவரை நான் ஏற்கமாட்டேன். ஒட்டுண்ணி அவரிடம் இருக்கலாம். தொட்டி நம்முடையது. அதோடு அவருக்கு நேரும் தீங்கு ஒன்றை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கே சில ஆண்டுகள் கடியின்றி வாழ்ந்தால் அவருடைய பழைய எதிர்ப்பாற்றல் தேய்ந்துவிடக்கூடும். பிறகு விடுப்பில் சொந்த ஊருக்குப் போய் ஃபால்சிபாரம் பிடித்தால் அந்த வளர்ந்த மனிதர் குழந்தையைப்போல அடிபடுவார். அவர் வந்து சேரும்போதும் ஊர்போய்த் திரும்பும்போதும் வேலையிடத்திலேயே ரத்தம் பார்த்து இலவசமாகச் சிகிச்சை தருவது அவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

தடுப்பூசிக்கு வருவோம். முதலில் மனித உடம்பின் பாடத்தை அப்படியே நகலெடுக்கத்தான் முயன்றார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியை இயற்கை அடக்குகிறது, ஆகவே ரத்தநிலைப் புரதங்களைக் கொண்டு ஊசி செய்வோம் என்று பல குழுக்கள் பல பத்தாண்டுகள் உழைத்தன. மாறிக்கொண்டே இருக்கும் அந்தப் புரதங்கள் பெரும்பாலும் கைவிட்டன. வெற்றி வேறு திசையிலிருந்து வந்தது. அந்தத் திசையில் முன்பே நடந்தவர்களில் ஒருவருக்குத் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, புதுக் கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்தபோது மலேரியாவும் பின்னாலேயே வந்தது. அதை ஆராய ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அனுப்பியவர் பால் ரஸ்ஸல். அவர் முல்லிகன், பத்ரி நாத் மோகன் இருவரோடும் சேர்ந்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ஒட்டுண்ணி வடிவத்தைச் செயலிழக்கச் செய்து கோழிகளுக்குச் செலுத்தினார். கோழிகளுக்குப் பாதுகாப்பு கிடைப்பதை 1941-இல் இந்திய மலேரியா நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஒட்டுண்ணி ரத்தத்துக்குள் வருவதற்கு முன்பே மடக்கும் எண்ணம் அது. 1967-இல் ரூத் நுசென்ஸ்வைக் கதிர்வீச்சால் நலிந்த அதே வடிவத்தைக் கொண்டு எலிகளில் பாதுகாப்பு உண்டாக்கியபின் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

கொசு கடிக்கும்போது நம் தோலுக்குள் வரும் அந்த வடிவங்கள் மிகச் சில. அரைமணி முதல் சில மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குள் மறைந்துவிடும். அவ்வளவு குறைந்த எண்ணிக்கை, அவ்வளவு குறைந்த நேரம். ஆயிரம் முறை கடிபட்ட ஆப்பிரிக்க விவசாயியின் உடம்புகூட இந்த நிலையைத் தடுக்க அரைகுறையாகவே கற்கிறது. அதன் மேலுறைப் புரதத்தைப் பெரும் அளவில், தூண்டு மருந்தோடு சேர்த்து உடம்புக்குக் காட்டியதுதான் இன்றைய தடுப்பூசிகளின் சாதனை. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கி, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியை 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஆர்டிஎஸ்,எஸ் தயாரிக்கும் உரிமை ஐதராபாத்தின் பாரத் பயோடெக்குக்கு வந்திருக்கிறது. அதை நிறுவிய கிருஷ்ணா எல்லா நமக்கு மேற்கே இருக்கும் திருத்தணிப் பகுதியைச் சேர்ந்தவர். உலகத்தின் மலேரியாத் தடுப்பூசி இந்தியக் கைகளில் தயாராகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் இயற்கை எதிர்ப்பாற்றலை மறந்துவிட்டுத் தடுப்பூசியை அளக்க முடியாது. ஆர்டிஎஸ்,எஸ் பெரும் சோதனையில் நான்கு தவணை போட்ட குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுகளில் காய்ச்சல் சுமார் 36 விழுக்காடு குறைந்தது. அதற்கு முந்தைய கென்யச் சோதனை ஒன்றில் மூன்று தவணை போட்ட பிள்ளைகளை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கடி மிகுந்த இடங்களில் ஐந்தாம் ஆண்டில், ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஊசி போடாதவர்களைவிடக் காய்ச்சல் கூடுதலாக வந்தது. ஊசியின் காப்பில் இருந்த ஆண்டுகளில் அவர்கள் உடம்பு ஒட்டுண்ணியைப் போதுமான அளவு சந்திக்கவில்லை, காப்பு தேய்ந்ததும் கற்காத உடம்போடு நின்றார்கள் என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கம். இதைக் காட்டித் தடுப்பூசி வேண்டாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. குழந்தை உயிரிழக்கும் ஆபத்து மிகுந்த வயதைத் தாண்டிவிடுகிறது, அதுவே பெரிய லாபம். தவணையைத் தொடர வேண்டும், இடையில் கைவிடக்கூடாது என்பதுதான் பாடம்.

ஓர் ஊர் மக்களின் உடம்பு முன்பே எதைச் சந்தித்திருக்கிறது என்பது ஊசியின் பலனை மாற்றிவிடும் என்ற உண்மையை உலகம் நம் மண்ணில்தான் பெரிய அளவில் எதிர்கொண்டது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றி, 1968-இல் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். 1979-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே திகைக்கவைத்தது. ஐரோப்பாவில் பலித்த ஊசி, நுரையீரல் காசநோயை இங்கே தடுக்கவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்கு உறவான நுண்ணுயிர்கள் நம் உடம்பை முன்பே பழக்கியிருந்ததால் ஊசியால் கூடுதலாக ஒன்றும் சேர்க்க முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் முதன்மையானது. பிறகு 1991-இல், ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுக் களப்பிரிவு டாக்டர் எம். டி. குப்தே தலைமையில் தொழுநோய்த் தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கியது. சுமார் 1,71,000 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதே பிசிஜி தொழுநோயை 34 விழுக்காடு தடுத்தது. கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்தபோது 64 விழுக்காடாக உயர்ந்தது. அந்தக் களப்பிரிவும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999-இல் உருவானதே தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். அம்பத்தூருக்குப் பக்கத்தில் அயப்பாக்கத்தில் இருக்கிறது. தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னைக் களப்பிரிவும் அதே வளாகத்தில்தான் இயங்கிவந்தது. நம் பகுதியின் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? பேருந்தில் போகிற வழியில் உலகத் தரமான ஆய்வு நடக்கிறது, அந்த ஆய்வுகளுக்குக் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள் என்பதை நம் பள்ளிகள் சொல்லித்தர வேண்டும்.

ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட இரண்டு ஊசிகளும் ஃபால்சிபாரத்துக்கு உரியவை. நம் தெருவின் வைவாக்ஸுக்கு அவை உதவா. வைவாக்ஸை ஆராய்வதே கடினம். ஃபால்சிபாரத்தை 1976 முதல் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கிறார்கள், வைவாக்ஸை இன்னும் அப்படி வளர்க்க முடியவில்லை. அது கல்லீரலில் உறங்கிக் கிடந்து வாரங்கள், மாதங்கள் கழித்து எழுந்து மறுபடி காய்ச்சலாக வரும். அந்த உறங்கும் வடிவத்தை எந்த எதிர்ப்புரதமும் எட்டாது.

இருந்தும் வழி இல்லாமல் இல்லை. டஃபி கதவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்தக் கதவைத் திறக்க வைவாக்ஸ் பயன்படுத்தும் புரதத்தைத் தடுப்பூசியாக்கும் வேலையை டெல்லியில் சேத்தன் சிட்னிஸும் அவர் குழுவினரும் தொடங்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களிடம் நடந்த சோதனையில் தவணைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விட்டபோது ஒட்டுண்ணி பெருகும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 2023-இல் அந்த முடிவு வெளிவந்தது. பாதி போதாது, ஆனால் வைவாக்ஸின் ரத்தநிலையை ஊசியால் தொட முடியும் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது இலங்கையில் தொடங்கிய பாதை. 1980களில் கொழும்பில் கமினி மெண்டிஸும் ரிச்சர்ட் கார்ட்டரும் வைவாக்ஸ் நோயாளிகளின் ரத்தத்தைக் கொசுக்களுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். நோய்வாய்ப்பட்டவர் உடம்பில் உண்டான எதிர்ப்புரதம், கொசுவின் வயிற்றுக்குள் போய் அங்கே ஒட்டுண்ணி கருவுறுவதைத் தடுத்தது. சில மாதங்களுக்குள் மறுபடி நோய் வந்தவரிடம் இந்த ஆற்றல் இன்னும் வலுத்தது. இது நோயாளியைக் காப்பதில்லை. அவருடைய பக்கத்து வீட்டுக்காரரைக் காக்கிறது. கடி குறைந்த, இயற்கை எதிர்ப்பாற்றல் இல்லாத, நெருக்கமாக வாழும் நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஏற்ற தடுப்பூசி இந்த வகையே என்பது என் உறுதியான கருத்து. காரணம் சொல்கிறேன். வைவாக்ஸில் கொசுவுக்குப் போகும் வடிவங்கள் காய்ச்சலோடு காய்ச்சலாக, சிலரிடம் அதற்கு முன்பே, ரத்தத்தில் வந்துவிடும். நோயாளி மருத்துவரிடம் வருவதற்குள் கொசு எடுத்துப் போயிருக்கும். மருந்தால் மட்டும் அந்த ஓட்டத்தை முந்த முடியாது. புவனேசுவரத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வகம் உருவாக்கி 2025-இல் அறிவித்த அட்ஃபால்சிவாக்ஸ் தடுப்பூசி, தொற்றைத் தடுப்பதையும் கொசுவுக்குப் பரவுவதைத் தடுப்பதையும் ஒரே ஊசியில் சேர்க்க முயல்கிறது. இன்னும் மனிதச் சோதனைக்கு முந்தைய கட்டம்தான், அதுவும் ஃபால்சிபாரத்துக்கே. அதே எண்ணத்தை வைவாக்ஸுக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் வைவாக்ஸ் நாட்டவர்களான நாமே. வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.

இந்த ஊசி வரும்வரை என்ன செய்வது? இலங்கையைப் பாருங்கள். 1963-இல் அங்கே மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். வென்றுவிட்டோம் என்று கைதளர்ந்தார்கள். 1969-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மறுபடி எழுந்து, வீடு வீடாக ரத்தம் பார்த்து, சிகிச்சை கொடுத்து, போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கிலும் கிழக்கிலும் விடாமல் வேலை செய்தார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் பரவிய நோயாளி எவரும் இல்லை. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று வழங்கியது. தடுப்பூசி இல்லாமல், இயற்கை எதிர்ப்பாற்றலை நம்பாமல் பெற்ற வெற்றி. ஆனால் அதே காலத்தில் நம் தொட்டிக் கொசுவான ஸ்டெஃபன்சி இலங்கையின் மன்னாரில் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவில் 2012-இல் ஜிபூட்டியிலும் 2016-இல் எத்தியோப்பியாவிலும் அது நுழைந்தது. சென்னை இத்தனை காலமாகப் போராடிவரும் கொசு இன்று உலகத்தின் கவலையாகிவிட்டது. அதை எப்படி அடக்குவது என்பதில் உலகத்துக்குச் சொல்ல நம்மிடம் அனுபவம் இருக்கிறது.

இந்தியா விடுதலை பெற்றபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்தது, எட்டு லட்சம் பேர் இறந்தார்கள். 2023-இல் பதிவான நோயாளிகள் சுமார் இரண்டேகால் லட்சம். 2030-க்குள் ஒழிப்பது அரசின் இலக்கு. நோய் குறையக் குறைய மிச்சம் இருக்கும் கொஞ்ச எதிர்ப்பாற்றலும் மக்களிடமிருந்து போய்விடும். அதற்காக வருந்த வேண்டியதில்லை, விழிப்பாக இருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை சில. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பழகிய உடம்பு என்று காத்திருக்காமல் அன்றே ரத்தம் பாருங்கள். வைவாக்ஸ் என்றால் காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும், மருத்துவர் தரும் பிரைமாகுவின் மாத்திரையைச் சொன்ன 14 நாளும் முடியுங்கள். உறங்கும் ஒட்டுண்ணியை அழிப்பது அதுதான். கர்ப்பிணிகளுக்கும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அது ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் யாரும் வாங்கிச் சாப்பிடக்கூடாது. பட்டறையும் கட்டடமும் நடத்துபவர்கள் உங்கள் தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். உயிரியல் படிக்கும் மாணவர்கள் வைவாக்ஸ் பக்கம் வாருங்கள். அங்கே ஆள் குறைவு, வேலை ஏராளம். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மொட்டைமாடிக்கு ஏறி உங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் நாளைக்கே மாற்றுங்கள்.